உடுத்துபவரின் நீளத்துக்கு ஒரு புல்லோவர்

ஸ்வெட்டர் பின்னுவதற்கான குறிப்புகளில் பெரும்பாலும் மார்பளவுக்குத்தான் முதலிடம் தருகிறார்கள். 80, 90, 100 சென்டிமீட்டர் என்று மார்புச் சுற்றளவு ஏறிக்கொண்டே போகும். ஒவ்வோர் அளவுக்கும் எத்தனை கண்ணி, அதாவது ஊசியில் ஏற்றும் நூல் வளையம், போட வேண்டும் என்று தெளிவாக எழுதியிருக்கும். நீளம் என்று வரும்போது, அக்குளிலிருந்து கீழ் ஓரம் வரை இவ்வளவு, கை இவ்வளவு என்று ஒரே ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விடுவார்கள். என் அக்காவுக்கும் எனக்கும் மார்பளவு ஒன்றேதான். ஆனால் அக்காவின் கை என் கையைவிட நன்றாகவே நீளம்; இடுப்பும் அக்காவுக்குத் தாழ்வாக அமைந்திருக்கிறது. ஒரே குறிப்பைப் பார்த்து இருவருக்கும் பின்னினால், ஒருவருக்குக் கை மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிடும், மற்றவருக்குக் கை விரல்களை மூடிவிடும். சாதாரண வழவழப்பான பின்னலாக இருந்தால் சில சுற்றுகளைக் கூட்டியோ குறைத்தோ சமாளித்துவிடலாம். மேடும் பள்ளமுமாக வேலைப்பாடு உள்ள புல்லோவரில் அப்படி எங்கே வேண்டுமானாலும் நிறுத்த முடியாது என்பதால், நீளத்தை உடுத்துபவர் விருப்பத்துக்கு விடுவதற்கான இடத்தை முதல் கண்ணி போடுவதற்கு முன்பே ஒதுக்கி வைக்க வேண்டும். அப்படி ஒதுக்கி வைப்பது எப்படி என்பதை, நான் விரும்பிப் பின்னும் ஒரு வேலைப்பாட்டை எடுத்துக்கொண்டு இங்கே எழுதுகிறேன்.

முதலில் திசை. கீழ் ஓரத்தில் தொடங்கி மேலே போவதா, கழுத்தில் தொடங்கிக் கீழே வருவதா என்ற கேள்விக்கு, வழவழப்பான பின்னலில் எந்தப் பதிலும் சரியாகவே இருக்கும். வேலைப்பாடு உள்ள பின்னலில் மேலிருந்து கீழே வருவதையே நான் பரிந்துரைப்பேன். இதற்குக் காரணம் கண்ணிகளின் அமைப்பிலேயே இருக்கிறது. பின்னி முடித்த துணியின் தொடக்க ஓரத்தைப் பிரித்து, அங்கிருந்து எதிர்த் திசையில் பின்னத் தொடங்கினால், நாம் ஊசியில் எடுப்பது உண்மையில் கண்ணிகளை அல்ல. இரண்டு கண்ணிகளுக்கு நடுவே நூல் வளைந்து செல்லும் இடங்களைத்தான் எடுக்கிறோம். ஆகையால் புதிதாக வரும் ஒவ்வொரு கண்ணியும் பழைய கண்ணிக்கு நேராக நில்லாமல் அரைக் கண்ணி தள்ளி நிற்கும். வழவழப்பாகத் தெரியும் நிட் கண்ணிகள் மட்டுமே உள்ள துணியில் இந்த விலகலைக் கண்ணால் கண்டுபிடிப்பது மிகவும் கடினம். நிட்டும், அதன் மறுபுறமாக மேடாகத் தெரியும் பர்லும் மாறி மாறி வரும் துணியிலோ, மேலே இருந்து இறங்கி வரும் மேட்டு வரியும் கீழே புதிதாகத் தொடங்கும் மேட்டு வரியும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல், சேர்த்த இடம் முழுவதும் ஒரு கோடாகத் தெரியும். மேலிருந்து கீழே பின்னினால் உடலின் கீழ் ஓரமும் கைகளின் முனையும் கடைசியாகப் பின்னப்படுகின்றன. அவற்றைப் பிரித்தால் கிடைப்பவை உண்மையான கண்ணிகள். அதே திசையில் தொடரலாம், எந்தக் கோடும் விழாது.

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து கடற்கரைகளில் மீனவர்களுக்காகப் பின்னப்பட்ட கான்சி ஸ்வெட்டர்களில் இந்த அறிவு வெகு காலமாகவே இருந்து வருகிறது. அவற்றின் உடல் பகுதி கீழிருந்து மேலே வட்டமாகப் பின்னப்பட்டாலும், கைகளைத் தோளில் கண்ணி எடுத்து மணிக்கட்டை நோக்கிக் கீழே பின்னுவார்கள். கயிறும் உப்புநீரும் பட்டு முதலில் நைந்து போவது கையின் முனைதான் என்பதால், அந்தப் பகுதியை மட்டும் பிரித்துப் புது நூலால் மறுபடி பின்னிக்கொள்ள இது வழி செய்தது. வேலைப்பாட்டைப் பெரும்பாலும் மார்புக்கு மேலேயும் கையின் மேற்பகுதியிலும் வைத்து, தேயும் பகுதிகளை வழவழப்பாக விட்டார்கள். நைந்ததைச் சரிசெய்ய அவர்கள் கையாண்ட அதே முறைதான் நமக்கு நீளத்தை மாற்ற உதவுகிறது.

அடுத்தது வேலைப்பாட்டைத் தேர்ந்தெடுப்பது. படத்தில் பார்த்து மனம் ஈர்க்கப்பட்டு, 24 சுற்றுகளுக்கு ஒருமுறை முழுமையாகும் பெரிய வைர வடிவத்தையோ கூடைப் பின்னலையோ உடல் முழுவதும் வைத்துவிட்டால், நீளம் நம் கையை விட்டுப் போய்விடும். 10 சென்டிமீட்டருக்கு 28 சுற்று வரும் பின்னலில் 24 சுற்று என்பது ஏறக்குறைய எட்டரை சென்டிமீட்டர். வடிவம் பாதியில் அறுபடாமல் முடிய வேண்டும் என்றால் ஸ்வெட்டரின் நீளம் எட்டரை சென்டிமீட்டர் அளவில்தான் கூடும் அல்லது குறையும். இடையில் நிற்க இடமில்லை. நான் விரும்பும் வேலைப்பாடு நான்கே சுற்றுகளில் முழுமையாகிவிடும். முதல் சுற்று முழுவதும் நிட். இரண்டாம் சுற்றில் ஒரு நிட், ஒரு பர்ல் என்று மாறி மாறி வர வேண்டும். மூன்றாம் சுற்று மறுபடி முழுவதும் நிட். நான்காம் சுற்றில் ஒரு பர்ல், ஒரு நிட் என்று இரண்டாம் சுற்றுக்கு எதிர்மாறாக வர வேண்டும். இவ்வளவுதான். வட்ட ஊசியில் பின்னும்போது எப்போதும் துணியின் வெளிப்புறமே நம்மைப் பார்த்து இருப்பதால், ஒவ்வொரு பர்ல் கண்ணியும் ஒரு சிறிய மணியாக எழுந்து நிற்பதை உடனுக்குடன் பார்க்கலாம். ஒரு சுற்றில் எழுந்த மணிகளுக்கு நடுவே அடுத்த மணிச் சுற்றின் மணிகள் வந்து உட்கார்ந்து, துணி முழுவதும் குறுக்கும் நெடுக்குமான புள்ளி வரிசையாகிவிடும்.

இந்த வேலைப்பாட்டை நான் விரும்புவதற்கு அழகு மட்டும் காரணமில்லை. நான்கு சுற்று என்பது ஒன்றரை சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. ஆகவே உடலை எந்த நீளத்தில் வேண்டுமானாலும் நிறுத்தலாம். மிஞ்சிப்போனால் விரல் அகலம்தான் முன்னே பின்னே இருக்கும். அதைவிட முக்கியமானது, ஒன்றுவிட்டு ஒன்றாக முழு நிட் சுற்று வருகிறது என்பது. கண்ணி கூட்டுவதும் குறைப்பதும் வேலைப்பாட்டுச் சுற்றில் வந்தால், எது நிட், எது பர்ல் என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டியிருக்கும். முழு நிட் சுற்றில் வந்தால் யோசிக்க ஒன்றுமே இல்லை. அடுத்த மணிச் சுற்றில் துணியைப் பார்த்து, முந்தைய மணிக்கு நேர் மேலே மணி வராமல் இரண்டு மணிகளுக்கு நடுவே வரும்படி பின்னினால் போதும். காகிதத்தைப் புரட்ட வேண்டிய தேவையே இருக்காது.

பெரிய வடிவத்தின் மீது ஆசை இருப்பவர்களும் அதைக் கைவிட வேண்டியதில்லை. அதைத் தோளுக்கும் அக்குளுக்கும் இடையிலான பகுதியில் வைத்து, அக்குளுக்குக் கீழே சிறிய வேலைப்பாட்டுக்கு மாறிவிடலாம். நீளம் மாறப்போவது அக்குளுக்குக் கீழேதான்.

இனி மாதிரித் துண்டு, அதாவது அளவு பார்ப்பதற்காக முன்கூட்டியே பின்னும் சிறு துண்டு. இதைப் பின்னாமல் தாவிச் செல்பவர்களுடன் எனக்கு எப்போதும் கருத்து வேறுபாடு உண்டு. அதிலும் நீளத்தை மாற்றப் போகிறோம் என்றால் மாதிரித் துண்டு இல்லாமல் ஓர் அடிகூட எடுத்து வைக்க முடியாது. கண்ணி எண்ணிக்கை சரியாக அமைந்தால் போதும், சுற்று எண்ணிக்கை எப்படி இருந்தாலும் அளவுநாடாவால் அளந்துகொள்ளலாம் என்று பலர் சொல்வதுண்டு. மேடுபள்ளப் பின்னலில் அந்த வழக்கம் உதவாது. பர்ல் கண்ணிகள் துணியை மேலும் கீழுமாகச் சுருக்கி வைத்திருக்கும். துவைத்ததும் கம்பளி இழைகள் தளர்ந்து அந்தச் சுருக்கம் ஓரளவு விரியும். 4 மில்லிமீட்டர் ஊசியில் நான் பின்னும் மாதிரித் துண்டில், ஊசியிலிருந்து எடுத்தவுடன் 10 சென்டிமீட்டருக்கு 20 கண்ணியும் 30 சுற்றும் இருக்கும். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, பிழியாமல் துவாலையில் ஒற்றி, தரையில் பரப்பி உலர்த்திய பிறகு அளந்தால் கண்ணி 20 ஆகவே இருக்கும். சுற்று மட்டும் 28 ஆகிவிடும். அகலம் மாறவில்லை, நீளம் மாறிவிட்டது.

இந்த இரண்டு சுற்று வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று பார்க்கலாம். அக்குளிலிருந்து இடுப்புப் பட்டை தொடங்கும் இடம் வரை 34 சென்டிமீட்டர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். துவைத்த அளவின்படி சென்டிமீட்டருக்கு 2.8 சுற்று என்று கணக்கிட்டால் 95.2 சுற்று, நான்கின் மடங்காக 96 சுற்று. இந்த 96 சுற்றையும் பின்னிவிட்டு ஊசியில் இருக்கும்போதே அளவுநாடா வைத்தால் 32 சென்டிமீட்டர்தான் காட்டும். இன்னும் 2 சென்டிமீட்டர் குறைகிறதே என்று 34 வரும்வரை தொடர்ந்தால் 102 சுற்றாகிவிடும். துவைத்த பிறகு அது 36 சென்டிமீட்டரைத் தாண்டி நிற்கும். ஆகவே நீளத்தைச் சென்டிமீட்டரில் முடிவு செய்ய வேண்டும், சுற்றில் எண்ணிப் பின்ன வேண்டும். அளவுநாடாவை மாதிரித் துண்டோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

மாதிரித் துண்டு சிறிதாக இருந்தாலும் பயனில்லை. குறைந்தது 15 சென்டிமீட்டர் சதுரமாவது இருக்க வேண்டும். ஓரங்கள் எப்போதும் சற்றுக் கோணலாக இருக்குமாதலால் நடுவில் உள்ள 10 சென்டிமீட்டரைத்தான் அளக்க வேண்டும். ஸ்வெட்டர் வட்டமாகப் பின்னப்படும் என்றால் மாதிரியையும் வட்டமாகவே பின்ன வேண்டும். முன்னும் பின்னும் திரும்பிப் பின்னும்போது பலருக்குப் பர்ல் வரிசைகள் சற்றுத் தளர்வாக வருவதுண்டு. உலர்ந்த மாதிரியை மேல் ஓரத்தில் கிளிப் மாட்டி, கீழ் ஓரத்தில் இன்னும் சில கிளிப்புகளைக் கனத்துக்காகத் தொங்கவிட்டு, ஒரு நாள் கழித்து மறுபடி அளந்து பார்ப்பதும் என் வழக்கம். முழு ஸ்வெட்டர் அரைக் கிலோவை நெருங்கும்; அந்தக் கனம் தோளிலிருந்து தொங்கும்போது துணி இன்னும் சற்று இறங்கும். ஆட்டுக் கம்பளிக்குத் துள்ளல் உண்டு என்பதால் அது அதிகம் இறங்காது. வாஷிங் மெஷினில் போடத் தகுந்தவாறு பதப்படுத்திய சூப்பர்வாஷ் கம்பளி, துவைத்ததும் நன்றாகவே நீளும். அல்பாகாவும் பருத்தியும் உடுத்த உடுத்த இறங்கிக்கொண்டே போகும். அப்படிப்பட்ட நூல்களில் தொங்கவிட்டு எடுத்த அளவையே கணக்குக்கு எடுத்துக்கொள்வேன்.

அகலத்துக்கான கணக்கை விரைவாகச் சொல்லிவிடலாம். பின்னல் வல்லுநர் எலிசபெத் ஸிம்மர்மன் பரவலாக்கிய சதவீத முறை இன்றைக்கும் எனக்குப் போதுமானதாக இருக்கிறது. உடல் சுற்றளவுக்கான கண்ணிகளை நூறு சதவீதம் என்று வைத்துக்கொண்டால், மேற்கைக்கு அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, மணிக்கட்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு, கழுத்துக்கு நாற்பது சதவீதம். 100 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள ஸ்வெட்டருக்கு 200 கண்ணி என்றால், மேற்கைக்கு 66, மணிக்கட்டுக்கு 40, கழுத்துக்கு 80 அல்லது அதற்குச் சற்றுக் குறைவு. இந்தச் சதவீதங்கள் அனைத்தும் அகலத்தைப் பற்றியவை மட்டுமே என்பதைக் கவனிக்க வேண்டும். மார்பு பெரிதாக இருப்பதால் ஒருவருடைய கை நீளமாக இருக்கும் என்று எந்தச் சதவீதமும் சொல்ல முடியாது. நீளத்தை உடம்பில்தான் அளக்க வேண்டும்.

உடம்பில் அளப்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. கையின் நீளத்தை அக்குளிலிருந்து மணிக்கட்டு வரை அளந்தால் போதும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் ஸ்வெட்டரின் அக்குள் நம் அக்குளில் இருப்பதில்லை. மார்பளவைவிட 10 அல்லது 15 சென்டிமீட்டர் தளர்வாகப் பின்னும்போது, ஸ்வெட்டரின் பக்கவாட்டு எல்லை இருபுறமும் வெளியே தள்ளிப் போகிறது. அக்குளும் கீழே இறங்குகிறது. கை தொடங்கும் இடமே மணிக்கட்டுக்கு நெருக்கமாக வந்துவிட்ட பிறகு, பழைய நீளத்துக்கே கையைப் பின்னினால் அது உள்ளங்கையை மூடத்தான் செய்யும். எனவே கையைச் சற்றே விரித்துத் தொங்கவிட்ட நிலையில், கழுத்தின் பின்புற நடுவில் இருக்கும் எலும்பிலிருந்து தோள் வழியாக மணிக்கட்டு வரை அளந்துகொள்ள வேண்டும். ஸ்வெட்டர் எவ்வளவு தளர்வாக இருந்தாலும் இந்த அளவு மாறாது. தோள் பகுதி முடிந்ததும் அதை உடுத்திப் பார்த்து, கழுத்து நடுவிலிருந்து பின்னி முடித்த ஓரம் வரை எவ்வளவு வந்திருக்கிறது என்று பார்த்து, மொத்த அளவிலிருந்து கழித்தால் மிச்சம் இருப்பதுதான் கையின் நீளம். உடல் நீளத்துக்கும் இதே முறை பொருந்தும்: கழுத்து எலும்பிலிருந்து ஸ்வெட்டர் முடிய வேண்டிய இடம் வரை ஒரே அளவாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

கையும் உடலும் கழுத்திலிருந்து அக்குள் வரை சாய்வான கோடுகளில் சேரும் ராக்லான் முறையில் கழுத்திலிருந்து இறங்கும்போது, அந்த நான்கு கோடுகளில், கோட்டுக்கு இருபுறமும் ஒவ்வொன்றாக, ஒரு சுற்றுக்கு எட்டுக் கண்ணி கூடும். நம் எடுத்துக்காட்டில் கழுத்துக்கு 76 கண்ணியில் தொடங்கி, ஒன்றுவிட்டு ஒரு சுற்றில் என்று 28 முறை கூட்டினால் 300 கண்ணியாகும். 56 சுற்று, அதாவது 20 சென்டிமீட்டர் ஆழம். ஒவ்வொரு கையையும் உடலிலிருந்து பிரிக்கும் இடத்தில் அக்குளுக்குப் புதிதாக எட்டுக் கண்ணி போட்டால், உடல் 200, ஒவ்வொரு கையும் 66 என்று கணக்கு அமைந்துவிடும். கூட்டும் சுற்றுகள் எல்லாம் முழு நிட் சுற்றுகளிலேயே விழுகின்றன. 20 சென்டிமீட்டர் ஆழம் போதாது, அக்குளில் இறுக்குகிறது, 23 வேண்டும் என்றால் கண்ணிகளை அதிகம் கூட்டக் கூடாது, உடல் அகன்றுவிடும். கடைசி நான்கு கூட்டல்களை மட்டும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை என்பதை மாற்றி நான்கு சுற்றுக்கு ஒருமுறை செய்தால் எட்டுச் சுற்று கூடுதலாகக் கிடைக்கும். கண்ணி எண்ணிக்கை அப்படியே இருக்க, ஆழம் கிட்டத்தட்ட 3 சென்டிமீட்டர் கூடிவிடும்.

உடல் பகுதியில் குழப்பம் ஏதும் இல்லை. இடுப்பளவில் நின்றுவிடும் குட்டையான புல்லோவர் வேண்டுபவர், அக்குளுக்குக் கீழே 28 சென்டிமீட்டர் என்று வைத்து, அதில் 5 சென்டிமீட்டரை ஓரத்தில் வரும் நெகிழ்வான ரிப் பட்டைக்கு ஒதுக்கினால், 64 சுற்றில் வேலைப்பாட்டை முடித்துவிடலாம். 40 சென்டிமீட்டர் வேண்டுபவர் 6 சென்டிமீட்டர் பட்டையோடு 96 சுற்று பின்னுவார். இரண்டும் நான்கின் மடங்குகள். இரண்டிலும் வேலைப்பாடு முழுமையாக முடிகிறது. தொடை வரை இறங்கும் நீளமான புல்லோவருக்கு மட்டும் கூடுதல் கவனம் தேவை. பலருக்கு இடுப்புக்குக் கீழே உள்ள சுற்றளவு மார்பைவிடப் பெரியது. அங்கே ஸ்வெட்டர் இறுகிப் பிடித்தால் கீழ் ஓரம் மேலே ஏறி மடிந்துகொள்ளும்; எவ்வளவு நீளம் கூட்டினாலும் அது இடுப்பிலேயே வந்து நிற்கும். இதற்கு எனக்குப் பிடித்த தீர்வு பக்கவாட்டுப் பிளவு. ரிப் பட்டை தொடங்கும் இடத்தில் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தனித்தனியாகப் பிரித்துப் பின்னிவிட்டால் நடப்பதற்கும் உட்காருவதற்கும் வசதியாக இருக்கும். பின்பக்கப் பட்டையை 3 சென்டிமீட்டர் அதிகமாகப் பின்னினால் குனியும்போது முதுகு தெரியாது. பிளவு பிடிக்காதவர்கள் இருபக்கமும் சில கண்ணிகளைச் சீரான இடைவெளியில் கூட்டிக்கொண்டே இறங்கலாம்.

கைதான் இந்த ஸ்வெட்டரில் நான் மிகவும் ரசித்துப் பின்னும் பகுதி. கணக்கும் வேலைப்பாடும் கைகோத்துக்கொள்வது இங்கேதான். 66 கண்ணியிலிருந்து 40 கண்ணிக்கு இறங்க வேண்டும். குறைய வேண்டியவை 26. ஒவ்வொரு முறையும் இரண்டு குறைவதால் 13 குறைப்புகள். அக்குளிலிருந்து 44 சென்டிமீட்டர் கை, அதில் 6 சென்டிமீட்டர் பட்டை என்றால், மிச்சம் 38 சென்டிமீட்டருக்கு 106 சுற்று. அதைப் பதின்மூன்றால் வகுத்தால் எட்டும் சொச்சமும். எட்டுச் சுற்றுக்கு ஒருமுறை குறைத்தால் 104 சுற்றில் முடிந்துவிடும். எட்டுச் சுற்று என்பது வேலைப்பாட்டின் சரியாக இரண்டு மடங்கு. கை குட்டையாக உள்ள ஒருவருக்கு மொத்தம் 38 சென்டிமீட்டர், பட்டை போக 32 என்றால் 90 சுற்று வரும். ஏழு சுற்றுக்கு ஒருமுறை குறைக்கலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் ஒரு குறைப்பு முழு நிட் சுற்றிலும் அடுத்தது மணிச் சுற்றிலும் விழும். அதற்குப் பதிலாக ஆறு சுற்றுக்கு ஒருமுறை என ஏழு முறையும், எட்டுச் சுற்றுக்கு ஒருமுறை என ஆறு முறையும் குறைத்தால், 42-உம் 48-உம் சேர்ந்து அதே 90 சுற்று. எல்லாக் குறைப்புகளும் முழு நிட் சுற்றிலேயே அமைந்துவிடும். நீளம் எதுவாக இருந்தாலும் இடைவெளியை இரட்டைப்படை எண்ணாகப் பிரித்துக்கொண்டால் போதும்.

குறைப்புகளை எங்கே வைப்பது என்பதற்கும் ஒரு வார்த்தை. கையின் அடிப்பக்கத்தில், அக்குளில் போட்ட எட்டுக் கண்ணிகளின் நடுவிலிருந்து, இரண்டு கண்ணி அகலத்துக்கு ஒரு வழவழப்பான நிட் பாதையை மணிக்கட்டு வரை இறக்கிவிட வேண்டும். அந்தப் பாதையில் மணிகள் வரவே கூடாது. குறைப்புகள் அதன் இருபுறமும், ஒன்று இடமும் ஒன்று வலமும் சாய்ந்ததாக வரும். கண்ணிகள் குறையக் குறைய வேலைப்பாடு அந்தப் பாதையின் இரு கரைகளிலும் மறைந்துகொண்டே போகும். கையின் மேற்பக்கத்தில் மணிகள் எந்த இடையூறும் இல்லாமல் நேராக இறங்கிவரும். கையைத் தூக்கினால் மட்டுமே தெரியும் அந்தக் குறுகலான பாதை, வட்டத்தின் தொடக்கத்தில் வரும் சிறு படியையும் மறைத்துவிடுகிறது.

உடலையும் கைகளையும் முடிக்கும் வரிசையிலும் எனக்கு ஒரு விருப்பம் உண்டு. நூல் எவ்வளவு மிஞ்சும் என்று உறுதியாகத் தெரியாதபோது கைகளை முதலில் பின்னிவிட்டு, மிஞ்சும் நூல் முழுவதையும் உடலுக்குக் கொடுப்பேன். உடல் 4 சென்டிமீட்டர் குட்டையானால் அது ஒரு பாணியாகத் தோன்றும். கை 4 சென்டிமீட்டர் குட்டையானால் அது குறையாகவே தோன்றும். எவ்வளவு பின்ன முடியும் என்பதை முன்கூட்டியே அறிய ஒரு சிறிய மின்னணுத் தராசு போதும். நூல் உருண்டையை எடை பார்த்துவிட்டு உடலில் எட்டுச் சுற்று பின்னி, மறுபடி எடை பார்த்தால் எட்டுச் சுற்றுக்கான நூல் தெரிந்துவிடும். எட்டுச் சுற்றுக்கு 16 கிராம் போனால், 5 சென்டிமீட்டர் நீளத்துக்கு, அதாவது 14 சுற்றுக்கு, 28 கிராம் வேண்டும். ரிப் பட்டைக்கும் கழுத்துக்கும் தேவையானதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைக் கணக்கிட வேண்டும். நீளத்தைக் கூட்டும் எண்ணம் இருந்தால் ஓர் உருண்டை அதிகமாகவே, ஒரே சாயத் தொகுதியிலிருந்து, தொடக்கத்திலேயே வாங்கி வைப்பதுதான் புத்திசாலித்தனம். பிறகு வாங்கும் நூல் அதே பெயரும் அதே எண்ணும் கொண்டிருந்தாலும் நிறத்தில் மெல்லிய வேறுபாடு வரலாம். மேடுபள்ளப் பின்னல் ஓரளவு அதை மறைத்தாலும் முழுவதுமாக மறைக்காது.

உடுத்திப் பார்ப்பதற்காகக் கண்ணிகளை ஒரு நீண்ட வேற்று நிற நூலுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ஊசியிலேயே வைத்துக்கொண்டு உடுத்தினால் ஊசியின் கம்பி துணியை இழுத்துப் பிடித்து, உண்மையில் விழும் விதத்தைக் காட்டாது. கண்ணாடி முன் நின்று பார்க்கும்போது, துவைத்த பிறகு ஒவ்வொரு 10 சென்டிமீட்டரும் 10.7 சென்டிமீட்டராகும் என்பதை நினைவில் கொண்டு, விரும்பிய இடத்துக்கு 2 சென்டிமீட்டர் மேலேயே நிறுத்த வேண்டும். பட்டைக்கான நீளத்தையும் சேர்த்துப் பார்ப்பது முக்கியம். அந்த வேற்று நிற நூலை உருவாமல் அப்படியே விட்டுவிட்டுப் பட்டையைத் தொடங்கினால், மனம் மாறிப் பிரிக்க நேர்ந்தாலும் பின்னல் அந்த இடத்தில் பத்திரமாக நின்றுவிடும்.

ரிப் பட்டையை உடலுக்குப் பயன்படுத்திய ஊசியைவிட மெல்லிய ஊசியில் பின்ன வேண்டும். 4 மில்லிமீட்டரில் உடல் என்றால் பட்டைக்கு 3.25 பொருத்தமாக இருக்கிறது. ஆனால் குட்டையான புல்லோவருக்குப் பட்டை இறுகிப் பிடிக்காமல் இருப்பது எனக்குப் பிடிக்கும் என்பதால் அதற்கு 3.5 ஊசியே போதும் என்பேன். 200-உம் 40-உம் நான்கால் வகுபடும் எண்கள் என்பதால் இரண்டு நிட், இரண்டு பர்ல் என்ற பட்டைக்கு எந்தச் சரிக்கட்டலும் தேவைப்படாது. பட்டையின் முடிவில் கண்ணி மூடும்போது மட்டும் கை தளர்வாக இருக்க வேண்டும். இறுக்கமாக மூடிய மணிக்கட்டு, கையை முழங்கைவரை மடித்துவிட முடியாமல் செய்துவிடும்.

துவைத்துப் பரப்பும்போது ஸ்வெட்டரை இழுத்து நீட்டி நீளத்தை வரவழைக்க முயல வேண்டாம். மேடுபள்ளப் பின்னலின் உயிரே அந்த மேடுகள்தான். ஊசி குத்தி இழுத்தால் மணிகள் தட்டையாகி, துணி வெறுமையாகிவிடும். தண்ணீரைத் துண்டில் ஒற்றியெடுத்து, விரல்களால் ஓரங்களைச் சீராக்கி, கணக்கிட்ட அளவுக்குத் தட்டிக்கொடுத்தால் போதுமானது. சில முறை உடுத்திய பிறகும் நீளம் மனத்துக்கு ஒப்பவில்லை என்றால், பட்டையைப் பிரித்து நான்கு சுற்றோ எட்டுச் சுற்றோ கூட்டி, மறுபடி பட்டை பின்னுவது ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும் வேலை.

வளரும் பிள்ளைகளுக்கு இந்த ஸ்வெட்டரைப் பின்னும்போது இந்த வசதியை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். பிள்ளைகள் அகலத்தில் வளர்வதைவிட வேகமாக உயரத்தில் வளர்கிறார்கள். சற்றுத் தளர்வாகப் பின்னிய உடல் அடுத்த ஆண்டும் பொருந்தும், கைதான் எட்டாது. அதற்காகக் கண்ணி மூடிய இடத்தில் நூலின் முனையைக் கை நீளத்துக்கு விட்டு, உட்புறத்தில் ஒரே திசையில் கோத்து வைத்தால், பின்னாளில் பிரிப்பதற்கு அந்த முனையைத் தேட வேண்டியிருக்காது. மிஞ்சிய நூலில் கொஞ்சத்தை ஒரு சிறு சுருளாகச் சுற்றிக் கட்டி, ஸ்வெட்டரைத் துவைக்கும்போதெல்லாம் அதையும் கூடவே போட்டுத் துவைத்து வர வேண்டும். ஸ்வெட்டர் வெளுக்கும் அளவுக்கு அதுவும் வெளுத்திருக்கும் என்பதால், புதிதாகச் சேர்க்கும் சுற்றுகள் பழையவற்றோடு நிறத்தில் ஒத்துப்போகும். பின்னிய சுற்றுகளின் எண்ணிக்கை, குறைப்புகளுக்கு இடையிலான இடைவெளி, ஊசியின் அளவு ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதி அந்தச் சுருளோடு சேர்த்தே வைத்துவிடுவது என் பழக்கம்.